தராசோடு வகுப்புக்கு வந்த மச்சானுக்கு

அன்பு மச்சான் சிவலிங்கத்துக்கு,

நீ போய் ஒரு வருடமாகிறது. உன் தங்கை உன் படத்துக்கு விளக்கேற்றாத நாளில்லை. நான்தான் ஒரு குழப்பத்தில் கிடக்கிறேன். கணக்கு வாத்தியார் கஷ்டம் உனக்குத்தானே தெரியும்?

எங்கள் கணக்கு வாத்தியார்களுக்கு ஹட்டனில் சனிக்கிழமைதோறும் பயிற்சி வகுப்பு நடக்கிறது. பதினாறு வருடம் பாடம் சொன்னவனுக்கு இனி என்ன பயிற்சி என்ற மிதப்போடுதான் தலவாக்கலையில் பஸ் ஏறினேன். போன வாரம் விரிவுரையாளர், "மைனஸை மைனஸால் பெருக்கினால் ஏன் பிளஸ் வருகிறது?" என்று கேட்டார். "விதி அப்படிங்க ஐயா" என்றேன். "பிள்ளைகளிடமும் இதைத்தான் சொல்வீர்களா?" என்றார். வெட்கமாகப் போய்விட்டது.

உடனே என் வாய் உன் பாடத்தைச் சொன்னது. தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது கூடையின் எடைக்கென்று தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒவ்வொரு முறையும் இரண்டு றாத்தல் எடையைக் கழிக்கிறார். கழிவு ஒரு மைனஸ், அதை நீக்குவது இன்னொரு மைனஸ்; அப்படி மூன்று கழிவை நீக்கிவிட்டால் ஆறு றாத்தல் கூடும். விரிவுரையாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வரும் சனிக்கிழமை எல்லோருக்கும் நான் அதை நடத்திக் காட்ட வேண்டுமாம். உன் பெயரை நான் சொல்லவில்லை, மச்சான்.

நீ தராசைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு வந்தபோது தடுத்தவனே நான்தான்.

"கொழுந்து நிறுக்கிறத மறக்கத்தான் பிள்ளைங்க இங்க வருதுங்க. நீ திரும்ப தராசுகிட்டயே கொண்டு போய் நிறுத்துறியே" என்றேன்.

"அங்க வாயத் தொறக்க முடியல மச்சான். இங்கயாவது கேக்கட்டுமே" என்றாய்.

நான் விடவில்லை. தலைமையாசிரியரிடம் சொல்லி நீ பாடம் எடுத்த மேல்வகுப்பையே எனக்கென்று வாங்கிக்கொண்டேன். என்னிடம் பிள்ளைகள் பாஸானார்கள். அப்படியென்றால் நான் செய்தது தப்பா?

முந்தாநாள் உன் பாடத்தை நடத்திப் பார்த்தேன். எப்போதும் கல்லுப்பிள்ளையார் மாதிரி இருக்கும் வகுப்பு, கேள்வி கேட்டே என்னைத் திணறடித்தது. ராசாத்தி என்ற பிள்ளை மட்டும் தலை குனிந்திருந்தாள். அதற்கு முந்தின நாள் அவள் அம்மா பறித்த கொழுந்தில் அளவுக்கு மேல் கழித்துவிட்டார்களாம். நீ சொன்னது சரியா, நான் சொன்னது சரியா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நாளை மறுநாள் சனிக்கிழமை. பாடம் யாருடையது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்குவேன். உன்னிடமிருந்து வகுப்பைப் பிடுங்கியவன் யார் என்பதையும் சொல்வேன். இன்று காலை முதலில் உன் தங்கையிடம் சொன்னேன். அவளுக்கு இதுவரை தெரியாமல் இருந்தது. இன்னும் என்னோடு பேசவில்லை. ஆனாலும் சனிக்கிழமை சொல்வேன், இது சத்தியம்.

உன் தங்கை புருஷன்,
முத்தையா