நேரமில்லை என்று சொல்ல ஓர் ஆள்

மார்ச் 3

நாற்பத்தாறு வயதில் மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தாயிற்று. உதிரிபாகம் கேட்டு வெளிநாட்டுக்காரர்கள் போன் செய்தால் நான் திருதிருவென்று விழிக்கிறேனாம். மேலாளரே மாலை ஆங்கில வகுப்பில் என் பெயரைக் கொடுத்துவிட்டார்.

இன்றைய பாடம், நேரமில்லை என்று நாசூக்காகச் சொல்வது. டைட் ஷெட்யூல், ஹெக்டிக் வீக், பேக்டு டே. இதெல்லாம் ஜோடிச் சொற்கள், பிரிக்கக் கூடாது என்றார் ஆசிரியை. பரவாயில்லை, சொற்களுக்காவது ஜோடி அமைகிறதே.

வீட்டுப்பாடம்தான் வம்பு. இந்த ஜோடிகளை நிஜமாகவே யாரிடமாவது சொல்லிவிட்டு வந்து வகுப்பில் ஒப்பிக்க வேண்டும்.

மார்ச் 4

என் நேரத்தை யாராவது கேட்டால்தானே இல்லை என்று சொல்வதற்கு?

மார்ச் 5

மதியம் அலுவலகத்தில் எல்லாரும் கும்பலாகச் சாப்பிடக் கிளம்பினார்கள். யாராவது கூப்பிட்டால் "பேக்டு டே" என்று சொல்லத் தயாராக, கணினியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விளக்கை அணைக்கட்டுமா என்று மட்டும் ஒருவர் கேட்டார்.

மார்ச் 8

அக்கா போன் செய்தாள். எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். அவளும் ஒரு ராத்திரி ரயில் தூரத்தில்.

"அடுத்த வாரம் உனக்கு எப்படிடி? கொஞ்சம் ஓய்வா இருப்பியா?"

கரும்பு தின்னக் கூலியா! "ஹெக்டிக் வீக், அக்கா. ஷெட்யூல் ரொம்ப டைட்!" மடமடவென்று கொட்டிவிட்டேன்.

"பெரிய ஆளாயிட்டே. சரி, நீ வேலையைப் பாரு, அப்புறம் பேசலாம்."

சும்மா சொன்னேன் என்று உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் 'பெரிய ஆள்' காதுக்கு இனிமையாக இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டுமே.

மார்ச் 10

வகுப்பில் கைதட்டல். மிக இயல்பாகப் பயன்படுத்தியிருக்கிறேனாம். வீட்டுக்கு வந்து யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. தோசை வார்த்தேன்.

மார்ச் 15

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுகிறவள் இன்று பேசவில்லை. கோபமா? நானே கூப்பிட்டேன். எடுத்தது கீழ்வீட்டு அம்மா.

"அக்கா தூங்கறாங்கம்மா. புதன்கிழமை கண் ஆபரேஷன் ஆச்சே, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்றேன்.

"துணைக்கு யாரும் வரலையான்னு டாக்டர்கூடக் கேட்டாராம். தங்கச்சிக்கு மூச்சு விட நேரமில்லை, அவளை இழுக்க வேண்டாம்னு தனியாவே போய்ப் படுத்துட்டாங்க. ஒத்தைக் கண்ணோட ஆட்டோ பிடிச்சு வந்து இறங்கினாங்க, பாவம்."

என்ன பண்ணி வச்சிருக்கேன் நான்? ஓய்வா இருப்பியான்னு அவ கேட்டது இதுக்குத்தானா? அந்த வாரம் பூராவும் நான் என்ன கிழிச்சேன் — அலமாரியைத் துடைச்சேன். ரெண்டு தடவை துடைச்சேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை, சும்மா சொன்னேன்க்கான்னு... கைதட்டு வேற வாங்கிட்டு வந்தேன்.

மார்ச் 16

மேலாளரிடம் விடுப்பு கேட்டேன். காரணம்கூடக் கேட்கவில்லை. "போயிட்டு வாங்க" என்றார். அவ்வளவுதான். ராத்திரி ரயில்.

மார்ச் 17

கதவைத் திறந்தவள் கருப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து உற்றுப் பார்த்தாள். "வேலையைப் போட்டுட்டு எதுக்குடி ஓடி வந்தே?" பையை வாங்கி உள்ளே வைக்கப் போனாள். குனியாதே என்று அதட்டினேன்.

மார்ச் 19

மதியம் சொட்டு மருந்து விட்டேன். கண்ணை மூடிப் படுத்தபடியே கேட்டாள்.

"எப்பக் கிளம்பணும்?"

"இன்னும் யோசிக்கலை."

"அங்கே உன்னைத் தேட மாட்டாங்களா?"

"தேட மாட்டாங்கக்கா. அங்கே என்னைத் தேட யாரும் இல்லை. அன்னிக்குச் சொன்னது பொய். அந்த வாரம் எனக்கு ஒரு வேலையும் இல்லை."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவளோ சுவர்ப் பக்கமாக நகர்ந்து, கட்டிலில் எனக்கும் இடம் விட்டாள்.