அசனப் பந்தியில் நாலு வாய்

பாளையங்கோட்டை,
திங்கட்கிழமை காலை.

அன்புள்ள கிறிஸ்டிக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கு நான் சுகம். ஓசூரில் நீயும் மகன் ஜோஷுவாவும் மருமகளும் பேத்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் நீ "சரி", "ம்" என்ற இரண்டைத் தவிர எதுவும் பேசுவதில்லை. அதனால்தான் கடிதம்.

வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷன் முடிந்து நாளையோடு நாலு மாதம். இருபத்தாறு கிலோ குறைந்துவிட்டேன். பேண்ட் இடுப்பில் நிற்க மாட்டேன் என்கிறது. காலையில் ஒரு இட்லி, மத்தியானம் இரண்டு கரண்டி குழைந்த சோறு. வயிறு போதும் என்கிறது. ஆனால் கண்ணுக்கும் மூக்குக்கும் யாரும் ஆபரேஷன் செய்யவில்லையே! பக்கத்து வீட்டுப் பிரேமலதா கருவாடு பொரித்தால் ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.

நேற்று நம் கோவிலில் அசன விருந்து. முதல் பந்தியில் வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்தேன், சும்மா பார்க்கத்தான். தேவசகாயம் அண்ணாச்சி பழைய ஞாபகத்தில் சோற்றைக் குவித்துக் கறிக்குழம்பை ஊற்றினார். "என்ன வே, இப்படி மெலிஞ்சு போயிட்டீரு, நல்லா சாப்பிடும்" என்று மேலும் ஒரு கரண்டி வைத்தார். நானும் மென்று தின்பதை மறந்து அவசரமாக நாலு வாய் உள்ளே தள்ளினேன். நாலாவது வாய் நெஞ்சிலேயே நின்றுவிட்டது.

எழுந்து ஓடி, கோவில் பின்சுவரில் தலையைச் சாய்த்து, நெஞ்சில் கைவைத்துக் கண்ணை மூடி நின்றேன். கண்ணீர் கொட்டுகிறது. அதை நம் சபை ஐயர் பார்த்துவிட்டார். நீ இல்லாத துக்கத்தில் ஜெபிக்கிறேன் என்று நினைத்து, என் தலையில் கைவைத்து, பிரிந்த குடும்பம் சேரும்படி கால் மணி நேரம் உருக்கமாக ஜெபித்தார். வாயைத் திறந்தால் அவருடைய வெள்ளை அங்கி பாழாகிவிடும், அதனால் நான் மறுக்கவில்லை. சோறு ஒருவழியாகக் கீழே இறங்கியதும் "ஆமென்" சொன்னேன்.

அதைக் கேள்விப்பட்டு, வரும் வெள்ளிக்கிழமை பெண்கள் ஐக்கியச் சங்கத்தார் நம் வீட்டில் ஜெபக்கூட்டம் வைக்கப்போகிறார்கள். நீ ஏன் போனாய் என்று கேட்பார்கள். நீ சந்தைக்குப் போன நேரத்தில், உன் பேர் வெட்டிய சீர்ப் பாத்திரங்களைப் பழைய பாத்திரக் கடையில் போட்டுவிட்டு, சொப்புச் சாமான் மாதிரி கிண்ணங்கள் வாங்கி வந்ததை எப்படிச் சொல்வேன்? திரும்பி வந்த உன்னிடம், "ஏட்டி, இனி யாருக்கு இம்புட்டு ஆக்கப்போற" என்று வேறு கேட்டேன். என் வயிற்றை மட்டும்தான் நினைத்தேன், உனக்கும் ஒரு வயிறு இருப்பது தோன்றவில்லை. தப்புதான். கடையில் போய்க் கேட்டேன். பானை இரண்டும் கிடைத்தன, குண்டான் உருக்கப் போய்விட்டதாம். மன்னித்துவிடு கிறிஸ்டி.

ஒரு வேளைச் சாப்பாட்டை அரை மணி நேரம் மென்று சாப்பிட வேண்டும் என்பது டாக்டரம்மா உத்தரவு. முன்பெல்லாம் பத்து நிமிடத்தில் கை கழுவிவிடுவேன். அதற்குள் நீ அடுப்படிக்கும் மேஜைக்கும் ஏழெட்டு முறை நடந்திருப்பாய். முப்பத்தொரு வருஷத்தில் நீ சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. இப்போது நீ வயிறு நிறையச் சாப்பிட்டு முடிக்கும்வரை என் இரண்டு கரண்டி தீராது. வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடு. வந்து என் எதிரே உட்கார்.

கர்த்தர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பாராக.

உன்,
பாக்கியசீலன்