யாரும் கைவைக்க முடியாத கல்யாணக் கார்டு

பீடோங்,
ஞாயிற்றுக்கிழமை காலை.

என் அருமை அண்ணன் சிவநேசனுக்கு,

உன் ஒரே தங்கை ரூபினி ஆசையோடு எழுதுவது. இங்கே அம்மா, அப்பா, நான், வாசலில் நீ நட்ட ரம்புத்தான் மரம் உட்பட எல்லாரும் சுகம். நீயும் அந்தப் பெர்த் குளிரில் நன்றாகப் போர்த்திக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க முருகன் துணையிருக்கட்டும்.

இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று நீ சிரிப்பாய். சிரி. வாட்ஸ்அப்பில் நான் எதை அனுப்பினாலும் நீ ஒரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். எனக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது என்றேன், கட்டைவிரல். நீ வருவாயா என்று கேட்டேன், அதற்கும் கட்டைவிரல். அது ‘வருகிறேன்’ கட்டைவிரலா, ‘பார்க்கலாம்’ கட்டைவிரலா என்று நானும் அம்மாவும் மண்டையைப் பிய்த்துக்கொண்டோம். அதனால்தான் லேப்டாப்பில் உட்கார்ந்து இதை முழுசாக எழுதி, பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்புகிறேன். கூடவே இன்னொரு பிடிஎஃப் இருக்கும். அது என் கல்யாணக் கார்டு. தயவுசெய்து அதை இப்போதே திறந்துவிடாதே. முதலில் இதைப் படி. அந்தக் கார்டு பட்ட பாட்டைத் தெரிந்துகொள்ளாமல் பார்த்தால் அது வெறும் கார்டுதான்.

மாப்பிள்ளையைப் பற்றி இரண்டு வரி. திவாகரன் மெர்கோங்கைச் சேர்ந்தவர், கூலிம் தொழிற்சாலை ஒன்றில் டெக்னீஷியன். அதிகம் பேசமாட்டார். நம் வீட்டில் அதற்குத்தான் பஞ்சம் என்று அம்மா உடனே சரி சொல்லிவிட்டார். வைகாசியில், பீடோங் கோயில் மண்டபத்தில் கல்யாணம்.

இப்போது கார்டுக்கு வருகிறேன். நான் தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி ஆயிற்றே, தட்டச்சு நம் கையில்தானே இருக்கிறது என்று வேர்டில் நானே உட்கார்ந்து அடித்தேன். மேலே பிள்ளையார், நடுவில் எங்கள் பெயர், கீழே அழைப்பவர்கள் பெயர். பார்க்கவே லட்சணமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில், பிழை இருந்தால் சொல்லுங்கள் என்று அதை அப்படியே குடும்பக் குழுவில் போட்டேன். வேர்ட் கோப்பாகவே போட்டேன், அண்ணா! ஊர்க்கோழிகள் நடுவே நெல் மூட்டையை அவிழ்த்துவிட்டு, மேயாதீர்கள் என்று சொன்ன மாதிரி.

பிழை சொல்ல யாருக்கும் நேரமில்லை. ஆளாளுக்குக் கைப்பேசியில் திறந்து, தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே அடித்து, திரும்பக் குழுவில் போட்டார்கள். காளிதாசன் பெரியப்பா தம் பெயருக்குப் பின்னால் தமக்குக் கிடைத்த பட்டத்தைச் சேர்த்தார். பிரேமாவதி அத்தை, பெரியப்பா பெயர் தம் பெயரைவிடத் தடிமனாக இருக்கிறது என்று தம் பெயரைப் பெரிதாக்கினார். அடுத்து பெரியப்பா தம்முடையதை இன்னும் பெரிதாக்கினார். மணப்பெண் என் பெயர் அவர்கள் இருவருக்கும் நடுவில் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. கோப்புகளின் பெயர்களைக் கேள்: ‘கார்டு ஃபைனல்’, ‘கார்டு ஃபைனல் பெத்துல்’, ‘கார்டு ஃபைனல் பெத்துல் சக்காலி’. சரியான ஃபைனல், ரொம்ப ரொம்பச் சரியான ஃபைனல் என்று மலாயில் வேறு. அத்தனைக்கும் பிறகு இன்னொரு ‘ஃபைனல்’ வந்தது.

இத்தனை பேர் கைப்பேசியிலும் ஒரே எழுத்துரு இருக்குமா? ஒருவர் திறந்தால் வரி மேலே போகிறது, இன்னொருவர் திறந்தால் கீழே இறங்குகிறது. கடைசியில் பிள்ளையார் மேலேயிருந்து நழுவி ‘மதிய விருந்து’ என்ற வரிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அவருக்கும் பசி போலிருக்கிறது. முகூர்த்த நேரம் அடுத்த பக்கத்துக்குத் தாவிவிட்டது. அந்தக் கார்டைப் பார்த்து வருகிறவர்கள் சாப்பாட்டுக்கு மட்டும் சரியாக வந்திருப்பார்கள்.

அந்தக் குழப்பத்தில்தான் ஒன்றைக் கவனித்தேன். கீழே ‘சகோதரன்: சிவநேசன்’ என்று நான் அடித்திருந்த வரியைக் காணவில்லை.

முதலில் அதுவும் வேர்டின் சேட்டை என்றுதான் நினைத்தேன். எங்கேயாவது நழுவியிருக்கும் என்று தேடினேன், இல்லை. திரும்ப அடித்துப் போட்டேன். மறுநாள் மறுபடியும் இல்லை. யார் கடைசியாக அனுப்பியது என்று பார்த்தேன். அப்பா. ஒரு வார்த்தை எழுதாமல், ஒற்றை விரலால், உன் ஒரு வரியை மட்டும் அழித்துவிட்டு அனுப்பியிருந்தார்.

அண்ணா, உனக்குத் தெரியாதது இல்லை. அப்பா இத்தனை வருஷம் தோட்டத்து ஆட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்து சம்பாதித்த மரியாதையையெல்லாம் அடகு வைத்து, மேனேஜரிடம் ‘என் மகன் என்னைவிட நல்லாப் பார்ப்பான்’ என்று வாக்குக் கொடுத்து உனக்குத் தோட்டத்தில் வாங்கித் தந்த வேலை அது. நீ ஒரு வாரம் செம்பனைக் காட்டைச் சுற்றிவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் விமானம் ஏறிவிட்டாய். உன்னை நான் குறை சொல்ல வரவில்லை. நானாக இருந்தாலும் ஓடியிருப்பேன். ஆனால் மறுநாள் காலை மேனேஜர் முன்னால் போய் நின்றது அப்பாதான். அன்றிலிருந்து வீட்டில் உன் பெயரை எடுக்கக் கூடாது என்பது சட்டம். அம்மா உன்னை ‘பெர்த்து’ என்றுதான் சொல்கிறார். ‘பெர்த்து சாப்பிட்டுச்சாம்’, ‘பெர்த்துக்குச் சளியாம்’. அப்பா காதில் அது விழும், விழாத மாதிரி இருப்பார்.

ஆனால் என் கல்யாணக் கார்டில் பெர்த்து என்று போட முடியுமா? உன் பெயர் இல்லாமல் கார்டு அடித்தால், எனக்கு அண்ணனே இல்லை என்று ஊர் முழுக்கச் சொல்வதுதானே? அதற்குள் பெரியப்பா வேறு, மாப்பிள்ளையை வாசலில் மாலை போட்டு அழைத்துவரப் பெண்ணின் அண்ணன் இல்லாவிட்டால் என்ன, ஜெயகுமார் இருக்கிறானே என்று தம் மகனுக்கு வேட்டி எடுக்கப் போய்விட்டார். எனக்கு வந்தது பார் கோபம்! நானும் அழிக்க அழிக்க அடித்தேன். அப்பாவும் அடிக்க அடிக்க அழித்தார். ஒரே வீட்டில் ஒரே மேசையில் இடியாப்பம் சாப்பிடுகிறோம், ஒருவரையொருவர் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. சண்டையெல்லாம் கோப்பில்தான்.

இதற்கு விடிவு ஹனீபா அண்ணன் கடையில் கிடைத்தது. பீடோங் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அச்சுக்கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். பென்டிரைவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கணினியில் திறந்தால் தமிழ் எழுத்தே இல்லை, வரிசையாகக் கட்டம் கட்டமாக நிற்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ‘ஏன் தங்கச்சி கண்ணக் கசக்குற, வேர்டுல கொண்டாந்தா இப்படித்தான் லா. பிடிஎஃப் பண்ணிக் கொண்டா. அது எழுத்தையும் கையோட கட்டித் தூக்கிட்டு வந்துரும். எங்க தொறந்தாலும் வச்சது வச்ச இடத்துல இருக்கும், ஒருத்தனும் கை வைக்க முடியாது’ என்றார்.

ஒருத்தனும் கை வைக்க முடியாது! அண்ணா, நான் ஆபீஸில் தினமும் பிடிஎஃப் அனுப்புகிறவள். அறுவடைக் கணக்கு, உரக் கணக்கு, எல்லாம் பிடிஎஃப்தான். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். மோட்டார் பைக்கை முறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பிள்ளையாரை மேலே ஏற்றினேன், முகூர்த்தத்தைப் பிடித்து இழுத்து வந்தேன், அத்தையையும் பெரியப்பாவையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன், உன் வரியைத் திரும்ப அடித்தேன். பிடிஎஃப் என்று கொடுத்துச் சேமித்தேன். அவ்வளவுதான், சிமெண்டு காய்ந்த மாதிரி எல்லாம் கெட்டியாகிவிட்டது. இதையும் திருத்தவே முடியாது என்றில்லை, அதற்கு வேறு வித்தை இருக்கிறது. நல்ல வேளையாக நம் குடும்பத்தில் அந்த வித்தை தெரிந்தவர் யாருமில்லை. ஹனீபா அண்ணனுக்கு அனுப்பிவிட்டு, ‘இதுதான் கார்டு, இனி மாற்றம் இல்லை’ என்று எழுதிக் குழுவிலும் போட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்பா முன்னறையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைத் திறந்தார். நானும் அம்மாவும் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். வழக்கம்போல உன் பெயரின் மேல் விரலை வைத்து அழுத்தினார். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் அழுத்தினார். பிறகு இரண்டு விரலை வைத்து என்னவோ செய்தார், உன் பெயர் சட்டென்று பெரிதாகிவிட்டது. சிறிதாக்கத் தெரியவில்லையோ என்னவோ, இன்னும் பெரிதாக்கிவிட்டார். கைப்பேசி முழுக்கச் சிவநேசன், வேறொன்றுமே இல்லை. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்பா அதை மூடவும் இல்லை, திட்டவும் இல்லை. அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சரி, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். மறுநாள் மத்தியானம் ஆபீஸில் இருக்கும்போது ஹனீபா அண்ணன் போன் செய்து, உங்கப்பா கடைக்கு வந்து கார்டில் ஒன்றை மாற்றச் சொன்னார் என்றார். அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, கொட்டுகிற மழையில் புக்கிட் செலம்பாவிலிருந்து பீடோங்குக்கு மோட்டாரில் பறந்தேன். தலையெல்லாம் சொட்டச் சொட்டப் போய் நின்றால், ஹனீபா அண்ணன் துண்டைக் கொடுத்துவிட்டு, ‘இதுல என்னால மாத்த முடியாதுண்ணே, மகக்கிட்ட வேர்டு இருக்கும், அதுலதான் மாத்தணும்னு சொல்லி அனுப்பிட்டேன்’ என்றார். எதை மாற்றச் சொன்னார் என்று கேட்டேன். அதை மகளிடமே சொல்லிக்கொள்கிறேன் என்று போய்விட்டாராம்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என்ன பேச வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். கல்யாணமே வேண்டாம் என்பது வரைக்கும் வசனம் தயார். நான் உள்ளே நுழைந்ததும் அப்பா, லேப்டாப்பை எடுத்து வா என்றார். எடுத்து வந்தேன். வேர்டில் திற என்றார். திறந்தேன். உன் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தார். ஒத்திகை பார்த்த வசனத்தைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன்.

‘அப்பன் இல்லாத பிள்ளை மாதிரி மொட்டையா அடிச்சு வச்சிருக்கியே, முன்னால என் எழுத்து எங்க?’ என்றார்.

அண்ணா, எனக்கு ஒரு நிமிஷம் புரியவே இல்லை. பிறகு பார்த்தால், ஆமாம், எனக்கு ம. ரூபினி என்று போட்டிருக்கிறேன், அவசரத்தில் உனக்கு வெறும் சிவநேசன் என்று விட்டிருக்கிறேன். மழையில் நனைந்த தலையோடு நின்றபடியே ‘ம’ அடித்து, ஒரு புள்ளி வைத்தேன். சரியாக இருக்கிறதா என்று அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். இப்போது அந்த பிடிஎஃப்போ என்னவோ, அதைப் பண்ணு, இனிமேல் யாரும் தொடக் கூடாது என்றார். அம்மா சமையலறையில் ‘சிவநேசா’ என்று சத்தமாகவே சொல்லி அழுதார். சட்டம் அன்றோடு ஒழிந்தது. பெர்த்தும் ஒழிந்தது.

கார்டு அச்சாகி வந்துவிட்டது. வச்சது வச்ச இடத்தில் அப்படியே இருக்கிறது, பிள்ளையார் உட்பட. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி முதல் கார்டைச் சாமி முன்னால் வைத்தோம். அடுத்த கார்டைப் பெரியப்பாவுக்குத்தான் கொடுப்பார் என்று நினைத்தேன். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நேராக எங்கள் ஆபீஸுக்கு வந்தார். என் மேசையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மேனேஜர் அறைக்குள் போனார். கதவு திறந்துதான் இருந்தது. மேனேஜர் கார்டை விரித்துப் பார்த்துவிட்டு, மகன் வருகிறானா என்று மலாயில் கேட்டார். கேலியாக இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். அப்பா நிமிர்ந்து நின்று, ‘பாலிக், துவான். நாமா சுடா அடா’ என்றார். வருவான், பெயர் போட்டாயிற்றே என்று.

உன் கட்டைவிரலைப் பற்றி அப்பாவிடம் நானும் அம்மாவும் இன்னும் வாய் திறக்கவில்லை. நீ வருவாய் என்று உன்னிடம் கேட்டுத்தான் சொன்னாரா என்று அவரிடம் கேட்கவும் எங்களுக்குத் துணிச்சல் இல்லை. அதே அறையில், அதே மனிதர் முன்னால், உனக்காக இரண்டாவது தடவை வாக்குக் கொடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி மோட்டாரில் ஏறிப் போனார்.

இப்போது கார்டைத் திறந்து பார். கீழே, இடது பக்கம். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்.

பார்த்துவிட்டாயா? கட்டைவிரல் அனுப்பாதே அண்ணா, உன் காலில் விழுகிறேன். விமான டிக்கெட்டும் பிடிஎஃப் ஆகத்தான் வருமாமே. அதை அனுப்பு.

எந்தக் குறையும் இல்லாமல் வந்து சேர எல்லாத் தெய்வமும் உனக்குத் துணை வரட்டும்.

மாலையை வேறு யார் கையிலும் கொடுக்காமல் காத்திருக்கும் உன் தங்கை,
ம. ரூபினி