நம் சீரை குடித்த உலோகம்

இன்று காலை பாறசாலைச் சந்தையில் ஒரு கட்டு செஞ்சீரைக் கீரை வாங்கி வந்தேன். கழுவும்போது விரலெல்லாம் சிவந்தது. தண்டை ஒடித்ததும் எழுந்த பச்சை மணத்தில், என் கூட்டுக்காரி நீ சட்டென்று பக்கத்தில் வந்து நின்றுவிட்டாய். நீ நெஞ்சுவலியில் போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது.

குன்னத்துகாலில் நாம் இருவரும் சேர்ந்து குத்தகைப் பாட்டத்துக்கு எடுத்த விளையில் விளைந்த சீரைக்குச் சந்தையில் தனி மதிப்பு. அப்படி ஒரு நிறம், அப்படி அகன்ற இலை. உரம் போடுவதில் நாம் கை சுருக்கியதில்லை. நமக்கு முன்னே அங்கே வாழை வைத்தவர்களும் அப்படித்தான்.

மண்ணையும் இலையையும் பரிசோதனைக்கு எடுத்துப்போன கிருஷிபவன் வேளாண்மை ஆபீசர் பெண், ஒரு மாலை நேரில் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள்.

"சேச்சி, சீரையில காட்மியம் கூடுதலா உண்டு. ரொம்ப நாளு தின்னா கிட்னிக்குக் கேடு. பாஸ்பேட் உரம் செய்யுற பாறையிலயே அது கொஞ்சம் இருக்கும். வருஷக்கணக்கா போட்டுப்போட்டு மண்ணில சேந்திருக்கு."

"இலையப் பாத்தா ஒண்ணும் தெரியலியே?" என்றேன் நான்.

"நிறத்திலயும் தெரியாது, ருசியிலயும் தெரியாது. வேருக்கே தெரியாது சேச்சி. துத்தநாகம்னு நெனச்சு இதையும் உறிஞ்சி வலிச்சு எடுத்துரும்."

நான் அதுவரை விற்ற கட்டுகளை எண்ணத் தொடங்கினேன். நீயோ ஒரு செடியைப் பிடுங்கி, வேரை உள்ளங்கையில் பரப்பி, கோயிலில் நிற்பவளைப் போலப் பார்த்துக்கொண்டே இருந்தாய். "நூலுபோல இருக்கு. இதுக்குள்ள என்னெல்லாம் நடக்குது மக்கா!" என்றாய். பயப்பட வேண்டிய நேரத்தில் ஒரு மனுஷி வியக்க முடியும் என்று அன்றுதான் கண்டேன்.

மறுநாள் சந்தைக்கு வெறுங்கையோடு போனாய். கூடவே நானும் வந்தேன். நம் வழக்கமான இடத்தில் நின்று, எல்லாரும் கேட்கும்படி சொன்னாய்: "எங்க விளையில உரத்தால விஷம் ஏறியிருக்கு. இனி எங்க சீரை வராது. வாங்கித் தின்னவங்க டாக்டர்ட்ட ஒருக்கா காட்டிக்கிடுங்க."

பிள்ளைத்தாச்சியான மகளுக்கென்று நம்மிடம் வாரம் தவறாமல் வாங்கிய அம்மா ஒருத்தி, "தெய்வமே!" என்று வாய்விட்டு அழுதாள். நீ போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாய். அவள் உதறினாள். மறுபடியும் பிடித்துக்கொண்டாய். ஆஸ்பத்திரிக்கும் அவர்களோடு நீதான் போனாய். கோளாறு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் உனக்குச் சோறு இறங்கியது.

அன்று சந்தையிலேயே, கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா உன்னிடம் கேட்டாள்: "உனக்குப் பேடி, பயம் ஒண்ணும் இல்லையா பிள்ளே?"

"பேடி உண்டு அக்கா. சொல்லாம வீட்டுக்குப் போவதுக்கு அதைவிடப் பேடி ஆக்கும்."

நின்ற பயிர் முழுவதையும் பிடுங்கினோம். பசுவுக்காவது தாருங்கள் என்று வந்தவர்களையும் திருப்பி அனுப்பினாய். அதன்பிறகு நம் வீட்டுத் தேங்காயைக்கூட யாரும் வாங்கவில்லை. "தின்னாத எதையாவது விதைப்போம்" என்று சொல்லி நீ செண்டுமல்லிக் கேந்தி நட்டாய். ஓணத்துக்கு விளை முழுக்க மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூத்தபோது, முதலில் வந்து பூ வாங்கியவள் அந்த மீன்கார அக்கா. பின்னால் ஊரே வந்தது. மகளின் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த அம்மாவும் வந்தாள்.

போன வாரம் காட்டாக்கடை வியாபாரி ஒருவர், மரச்சீனிக் கிழங்கு வைக்க, இன்னும் என் பாட்டத்தில் இருக்கும் அந்த விளையைக் கேட்டு வந்தார். நல்ல பாட்டம் தருவதாகச் சொன்னார். அவருக்கு எதுவும் தெரியாது. நான் வாய் திறக்காமல் இருந்தால் யாரும் கேட்கப்போவதுமில்லை.

மண்ணில் என்ன இருக்கிறது, அது எப்படி வந்தது, ஏன் இன்னும் போகவில்லை என்று எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். உன் குரல் எனக்கு இல்லை. ஆனாலும் கடைசி வார்த்தைவரை சொன்னேன்.