மில் ஓடும் நேரத்து நித்திரை

2001 மாசி 5, திங்கள்

காலையில் பனி. பத்து மணிக்குப் பிறகுதான் வெயில். கிளினிக்கில் இருபத்திமூன்று பிள்ளைகள். நிறுக்கிற தராசின் கொக்கி கழன்றுவிட்டது, கம்பியால் கட்டியாச்சு.

நித்திரையில் மூக்குக்குள் காற்று ஊதுகிற மெஷின் வந்து சேர்ந்தது. லண்டனில் தம்பி பாவித்துக் கழித்தது. அவனுக்கும் எனக்கும் ஒரே மாதிரித் தடித்த கழுத்து, ஒரே வருத்தம்: நித்திரையில் மூச்சு நின்று நின்று வருவது, அதனால் பகலில் இருந்த இடத்திலேயே கண் சொருகுவது. மார்கழியில் வன்னியை விட்டு வெளியே போகப் பாஸ் எடுத்துக் கொழும்பு போனபோது கண்டுபிடித்தது. டொக்டர் காற்றின் அளவைச் சரிபண்ணி, கடிதமும் வைத்து, சேர்ச் பாதர் கையில் அனுப்பியிருக்கிறார். சோதனைச் சாவடியில் கடிதத்தை மூன்று பேர் வாசித்தார்களாம். குழாயை ஊதியும் பார்த்தார்களாம். எத்தனை வாய் பட்டதோ. சோப் போட்டு இரண்டு தரம் கழுவினேன்.

எல்லாம் சரி. ஸ்கந்தபுரத்தில் கரண்ட்தான் இல்லை.

எங்கள் ஒழுங்கையில் ஜெனரேட்டர் உள்ளது மில்காரக் கந்தையா அண்ணையிடம் மட்டும். ஊருக்குப் பேறு பார்க்கிற மருத்துவமாது, வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

“மில் ஓடேக்க வந்து படுங்கோ மிஸ்ஸி. ஒன்பதில இருந்து ஒரு மணி மட்டும் ஓடும். ஆனா சத்தம் கிடக்கும், சொல்லிப்போட்டன்.”

“ஷெல் சத்தத்தில நித்திரை கொண்ட ஆக்கள், மில் என்ன செய்யும்” என்றேன். வாய்க்குக் குறைவில்லை எனக்கு.

மாசி 6, செவ்வாய்

தவிட்டு மூடை அறைக்குள் கான்வஸ் கட்டில். கதவு இல்லை. வெளியே மா அரைக்க வந்த பெண்களின் வரிசை, எல்லாக் கண்ணும் உள்ளே.

மாஸ்க்கை மூக்கில் வைத்து வாரை இழுத்ததும் பயம் பிடித்தது. யாரோ முகத்தைத் தலையணையால் அமத்தினமாதிரி. வாயைத் திறந்தால் மூக்கால் போன காற்றெல்லாம் வாயால் பிய்த்துக்கொண்டு வருகிறது. நாலு நிமிடம். பிடுங்கி எறிந்தேன்.

வெளியே சிரிப்பு. சந்திரா, என் கையில் மூன்று பிள்ளை பெற்றவள், வாசலில் வந்து நின்றாள்.

“மூஞ்சையைச் சுளிக்காத. வாயை மூடு. மூக்கால இழு, மெல்ல விடு. உன்னை இங்க ஒருத்தரும் கொல்லேல்ல. இப்பிடித்தானே மிஸ்ஸி எனக்குச் சொன்னனீங்கள்?”

வரிசை முழுக்கச் சிரித்தது. பேற்றுக் கட்டிலில் வைத்து நான் ஏசாத பெண் அந்த வரிசையில் ஒருத்தியும் இல்லை. இன்றைக்கு எல்லாரும் சேர்த்துப் பழி வாங்கிவிட்டார்கள்.

மாசி 8, வியாழன்

இன்று பதினைந்து நிமிடம். மூக்குப் பாலத்தில் சிவப்புத் தழும்பு. விழுங்கின காற்றுக்கு நாள் முழுக்க ஏவறை.

மெஷினின் பின்பக்கம் காற்றை வடிகட்டும் பஞ்சு மாப்படிந்து வெள்ளையாகிப் போச்சு. தினம் கழுவ வேண்டும். மெஷினை யன்னல் பக்கம், வாழைக்குட்டியைப் பார்க்கத் திருப்பி வைத்தாச்சு.

அரிசியைக் கொட்டும்போது எஞ்சின் முனகும், உடனே காற்றும் குறையும்.

வரிசையில் முத்தம்மா. கையில் அரிசி இல்லை. தள்ளுவண்டியில் இருந்து என்னையே பார்த்தபடி.

எழுதத்தான் வேண்டும். வேறு எங்கே சொல்வது?

தையில் முத்தம்மாவின் மருமகளுக்குப் பேறு. பிள்ளை பிறந்து, நஞ்சுக்கொடியும் விழுந்து, தாயின் வயிற்றில் கைவைத்தபடி இரண்டு மணித்தியாலம் விழித்திருக்க வேண்டிய நேரம். பின்னேர வெக்கை. நான் இருந்த இருப்பில் நித்திரை. முத்தம்மா உலுக்கி எழுப்பியபோது பாய் முழுக்க இரத்தம். ஊசி போட்டு, வயிற்றைப் பிசைந்து, ஒரு மாதிரி நிறுத்தினேன். பெண் தப்பினாள். பதிவுப் புத்தகத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை. முத்தம்மாவும் ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

வருத்தம் தெரிந்திருந்தும் போனேன். அதுதான் அறுக்கிறது.

இப்போது முத்தம்மாவின் மகள் யோகாவுக்கு இந்த மாதக் கடைசியில் பேறு. தலைப்பிள்ளை.

மாசி 12, திங்கள்

கிளினிக் முடிந்து ஓடினேன். முக்கால் மணித்தியாலம்! அதில் கொஞ்சம் நித்திரையும்.

சந்திரா சொன்னது சரிதான். இழுக்கப் பார்க்கக் கூடாது. வெளியே விட்டால் போதும், உள்ளே வருவதை மெஷின் பார்த்துக்கொள்ளும். இருபத்திரண்டு வருடமாக ஊராருக்குச் சொன்னதை என் மூக்கு இப்போதுதான் கேட்கிறது.

எழும்பினால் முத்தம்மா, அதே தள்ளுவண்டி. நாலாவது நாள். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

“என்ன பாக்கிறீங்கள்? ஊர் முழுக்கச் சொல்லப் போறீங்களோ?”

மலைநாட்டுப் பேச்சு மாறாத மனுசி. பொறுமையாகத்தான் சொன்னார்.

“சொல்றதா இருந்தா தையிலயே சொல்லியிருப்பேங்க மிஸ்ஸி. எம் புள்ளய டிரக்டர்ல ஏத்துறதா, வேணாமான்னு எனக்குத் தெரியணும். அதுக்குத்தான் பாக்குறேன்.”

ஆஸ்பத்திரிக்கு டிரக்டரில் மூன்று மணித்தியாலம், ரோட்டெல்லாம் கிடங்கு. போன மாதம் ஒருத்திக்கு டிரக்டர்ப் பெட்டியிலேயே பிறந்தது. அது முத்தம்மாவுக்கும் தெரியும்.

மாசி 15, வியாழன்

இரண்டு மணித்தியாலம் ஒரே நித்திரை. கந்தையா அண்ணை பெல்ட் மாற்றியதே தெரியாது.

பின்னேரம் எட்டு வீடு, சைக்கிளில். ஒரு இடத்திலும் கண் சொருகவில்லை. தலையிடி இல்லை. சந்திராவின் மாமியோடு சண்டை பிடிக்கவும் தெம்பு இருந்தது. பிறந்த பிள்ளைக்குச் சீனித்தண்ணி பருக்குகிறா, மனுசி.

இப்படித்தான் மற்ற ஆட்கள் தினமும் எழும்புகிறார்களோ? பொறாமையாக இருக்கிறது.

மாசி 17, சனி

மில் பூட்டு. சாவடியில் மண்ணெண்ணெய் லொறியை விடவில்லையாம். பலகையில் சோக்கால் எழுதியிருக்கிறது: எண்ணெய் இல்லை.

“எப்ப வரும் அண்ணை?”

“என்னட்டக் கேட்டா? விடுறவங்களைக் கேளுங்கோ.”

வீட்டில் மாஸ்க்கைச் சும்மா போட்டுப் பார்த்தேன். காற்று இல்லாமல் அது வெறும் மூச்சடைப்பு.

மாசி 19, திங்கள்

மூன்றாவது நாள். பழைய நித்திரை மயக்கம் திரும்ப வந்துவிட்டது. காலையிலேயே தலையிடி. தேத்தண்ணிக் கோப்பையைப் பிடித்தபடி தூங்கி, சட்டை நனைந்தது. கிளினிக்கில் ஒரு பிள்ளையின் நிறையை இரண்டு தரம் எழுதினேன்.

பின்னேரம் யோகாவைப் பார்க்கப் போனேன். தலை இறங்கிவிட்டது. இன்றோ நாளையோ. எழுதும்போது பேனை தானாக வழுகிக் கோடு கீழே ஓடியது. யோகா பார்த்துவிட்டாள்.

“மிஸ்ஸி, அண்ணிக்கு வந்த மாதிரி எனக்கும் ரத்தம் வருமா?”

முத்தம்மா அடுப்படியில். சுளகுச் சத்தம் நின்றது.

பொய் சொல்ல வாய் வந்தது. இந்தப் பிள்ளையிடம் முடியவில்லை.

“ஆருக்கும் வரலாம் பிள்ளை. பக்கத்தில இருக்கிற ஆள் முழிச்சிருந்தா உடன நிப்பாட்டலாம். அண்டைக்கு நான் நித்திரையாப் போனனான். பிழை என்ரை. இப்ப மூண்டு நாளா மெஷினும் இல்லை. அம்மாவோட கதைச்சு யோசியுங்கோ. டிரக்டர் பிடிக்கிறதெண்டா நானும் கூட வாறன்.”

அடுப்படியில் சுளகுச் சத்தம் திரும்பத் தொடங்கியது. சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் வந்தேன், ஏறப் பயம்.

மாசி 20, செவ்வாய்

விடிய ஆறு மணிக்குக் கதவில் தட்டு. முத்தம்மா. யோகாவுக்கு வலி. ஓடிப்போய்ப் பார்த்தேன். கர்ப்பவாய் இரண்டு விரல்தான் திறந்திருந்தது. மத்தியானம் வரை போகும்.

“டிரக்டர் சொல்லியாச்சோ?”

“இல்லைங்க.” முந்தானைக்குள்ளிருந்து ஒரு கலன் எடுத்தார். மண்ணெண்ணெய். வீட்டு விளக்குக்கு வைத்திருந்தது முழுக்க. “மில்லுக்காரருகிட்டச் சொல்லிட்டேன். நீங்க போயித் தூங்கிட்டு வாங்க. தண்ணி ஒடஞ்சா நானே ஓடியாறேன்.”

“ராவைக்கு விளக்குக்கு என்ன செய்வியள்?”

“இருட்டுல இருந்துக்குவோம். நீங்க தூங்குங்க மொதல்ல.”

எனக்கு அழுகை வந்தது. அதற்கு நேரமில்லை.

அரைக்க ஒரு மணி அரிசி இல்லாமல் கந்தையா அண்ணை எஞ்சினை ஓடவிட்டார். பாரம் இல்லாததால் காற்று ஒரே சீர். மாஸ்க்கைப் போட்டேன். அமத்தவில்லை, இறுக்கவில்லை. மூச்சு வந்தது, போனது. நான் ஒன்றும் செய்யவில்லை. இவ்வளவு சுகமான ஒன்றோடா இத்தனை நாள் மல்லுக்கட்டினேன்?

எண்ணெய் தீர்ந்து எஞ்சின் நின்றதும் முழிப்பு. ஒன்பதே முக்கால். தலை கழுவிவிட்டமாதிரி.

பகல் ஒன்று இருபதுக்குப் பெண்பிள்ளை. அழுகை நல்ல சத்தம். யோகா என்னிடம் ஏச்சு வாங்கியது இரண்டே தரம். நஞ்சுக்கொடி முழுசாக விழுந்தது.

பிறகு அந்த இரண்டு மணித்தியாலம்.

தகரக் கூரை, மாசி வெயில், காற்றில்லை. யோகாவின் வயிற்றில் என் கை. எதிரே முத்தம்மா, சுவரில் சாய்ந்து, என் கண்ணையே பார்த்தபடி. நானும் அவரையே பார்த்தேன். இரண்டு மணி. இரண்டேகால். கைக்குக் கீழே கர்ப்பப்பை தேங்காய்போல் இறுகியிருந்தது. பாயைத் தடவிப் பார்த்தேன், பயப்பட ஒன்றுமில்லை.

மற்றக் கையால் பதிவுப் புத்தகத்தை எடுத்து இன்றையதை எழுதினேன். தைப் பக்கத்தையும் திருப்பி, அன்றைக்கு எழுதாததை எழுதினேன்: பேற்றுக்குப் பின் இரத்தப்போக்கு. மருத்துவமாது நித்திரை. கையெழுத்தும் வைத்தேன். மேலிடம் என்ன செய்தாலும் செய்யட்டும்.

தலை நிமிர்ந்தால் முத்தம்மாவின் தலை சரிந்து கிடக்கிறது. வாய் பிளந்து, நல்ல குறட்டை. இரண்டு நாளாகப் படுக்காத மனுசி.

“அம்மாவ எழுப்பவா மிஸ்ஸி?” யோகா மெதுவாகக் கேட்டாள்.

“வேண்டாம் பிள்ளை. படுக்கட்டும். நான் முழிச்சிருக்கிறன்.”

மூன்று இருபது வரை கண் மூடாமல் இருந்தேன்.