ஓடாமல் நின்ற நரி

மதினி,

இன்று காலை ஸ்ரீவைகுண்டத்து வாய்க்கால் கரையில் ஒரு நரி குறுக்கே போனது. எங்களைக் கண்டதும் வாழைக்குள் பாய்ந்து மறைந்துவிட்டது. கூட வந்த என் மருமகள், என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "கடிக்குமா அத்தை?" என்றாள். எனக்கு உங்கள் ஞாபகம்தான் வந்தது. நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம்கூட ஆகவில்லையே.

தொண்ணூறுகளில் ஒரு தை மாதம். சாயங்காலம் என்னைப் பெண்பார்க்க முக்கூடலில் இருந்து வருவதாக இருந்தார்கள். அதற்கு முன்னால் வந்த இடமெல்லாம் தட்டிப்போனதில், என்னைவிட உங்களுக்குத்தான் படபடப்பு. வருகிறவர்களுக்குப் பலகாரம் வைக்க இலை அறுக்கலாம் என்று காலையிலேயே இருவரும் தோட்டத்துக்குப் போனோம். வரப்பில் ஒரு நரி நின்றது. நரி முகத்தில் விழித்தால் நினைத்த காரியம் கைகூடும் என்று நம் பக்கத்தில் யார்தான் நம்பவில்லை?

"ஏட்டி, நல்லாப் பாத்துக்கோ. உனக்காவத்தான் ஓடாம நிக்கு" என்று என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினீர்கள். உங்கள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதற்குள் அது வாயில் எச்சில் வடிய, தள்ளாடித் தள்ளாடி நேரே என்னிடம் வந்தது. என்னைப் பின்னால் இழுத்துவிட்டு நீங்கள் குறுக்கே நின்றீர்கள். உங்கள் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. கையில் இருந்த அரிவாளை ஓங்கிக்கொண்டு நான் கத்திய பிறகுதான் விட்டது.

வீட்டில் அம்மா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்தாள். நீங்களோ சேலையை இறக்கிக் காயத்தை மறைத்துக்கொண்டு, கேசரிக்கு ரவை வறுக்கப் போய்விட்டீர்கள். லேசாகத்தான் பல் பட்டிருக்கிறது, அவர்கள் வந்துவிட்டுப் போகட்டும், நாளைக்குப் பார்ப்போம் என்றீர்கள். எனக்கு வந்ததே கோபம். நம் தெருவில் வெறிநாய் கடித்தவர் தண்ணீரைக் கண்டு அலறிச் செத்ததை நாம் இருவரும்தானே பார்த்தோம்? அடுப்பை அணைத்தேன்.

"நீங்க பஸ் ஏறாம நான் சேல மாத்த மாட்டேன் மதினி."

நானும் கூடவே வந்தேன். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் காயத்தைச் சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவினார்கள். நரி மனுஷனைக் கண்டால் ஓடத்தான் பார்க்கும், கூச்சமில்லாமல் கிட்டே வந்தால் அதற்கு வெறி பிடித்திருக்கலாம் என்றார் டாக்டர். இதில் அதிர்ஷ்டம் பார்க்கப் போனீர்களாக்கும் என்று திட்டவும் செய்தார். தொப்புளைச் சுற்றி ஊசி போட்டபோது நீங்கள் அழவில்லை. நேரமாகிவிட்டதே என்றுதான் அழுதீர்கள்.

முக்கூடல்காரர்கள் வந்து, பெண் இல்லாத வீட்டில் காப்பியைக் குடித்துவிட்டு, இது சரிப்படாது என்று போய்விட்டார்கள். அதன்பிறகு தினமும் ஊசிக்குப் பஸ்ஸில் போய்வந்தோம். வயிற்றைத் தடவிக்கொண்டே அடுத்த ஜாதகத்தைப் பற்றிப் பேசுவீர்கள். எனக்குச் சிரிப்பும் வரும், அழுகையும் வரும்.

மருமகளிடம் சொல்லிவிட்டேன். ஓடுகிற நரியால் நமக்கு ஒன்றுமில்லை, ஓடாமல் நிற்கிறதிடம் மட்டும் போகாதே, பல் பட்டால் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ என்று. தலையாட்டினாள்.

கடைசியாக நீங்கள் படுக்கையில் கிடந்தபோதும், "அந்தச் சம்பந்தம் என்னாலதான போச்சு?" என்று கேட்டீர்கள். நர்ஸ் வந்துவிட்டதால் பேச்சு அதோடு நின்றுபோனது.

போகட்டும் மதினி. மாப்பிள்ளை வேறொருவர் வந்தார், நன்றாகத்தான் வைத்திருக்கிறார். அன்றைக்கு உங்களை ஊசி போடாமல் விட்டிருந்தால், இன்னொரு மதினிக்கு நான் எங்கே போயிருப்பேன்?