கரி முகத்துப் படம்

என் றிஸ்மியாவுக்கு,

ஸலாம். நேரில் வந்தால் எனக்குப் பேச்சு வராது. பட்டம் வாங்கியும் அந்தக் குணம் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

காட்டுத் தீயை அணைத்தவர்களைக் கௌரவிக்க நான் எடுத்த படங்களை நேற்று பிரதேச சபை மண்டபத்தில் மாட்டினோம். களைத்துப் போனேன். ஒரு சட்டகம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. அதில் நான் மச்சான் என்று அழைத்த உன் கணவரின் படத்தைப் போட உன் சம்மதம் வேண்டுமாம். அவர் மறைவுக்காக நீ வெளியாரைக் காணாமல் இத்தாவில் இருப்பதால் என்னைக் கேட்கச் சொன்னார்கள்.

உன் மாமியிடம் முதலில் கேட்டேன். “மௌத்தான புள்ளைய சுவத்தில தொங்கவிடாதீங்க மகள், உருவம் மாட்டின இடத்துக்கு வானத்து மலக்குமார் வரமாட்டாங்க” என்று அழுதார். அவரோடு வாதாட எனக்கு மனமில்லை.

தீயை அணைத்தவர்கள் காட்டிலிருந்து திரும்பிய காலையில் எடுத்த படம் அது. மற்றவர்கள் முகம் கழுவி வரிசையில் நின்றார்கள். மச்சான் மட்டும் தண்ணீர் பவுசர் லொறியில் சாய்ந்து, இருமிக்கொண்டே சிரித்தார்.

“எடுக்காத தங்கச்சி! இந்தக் கரி மூஞ்சயக் கண்டா றிஸ்மியா ஊட்டுக்குள்ள விடமாட்டா.”

அங்கிருந்துதான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

பிரதி ஒன்றை இதற்குள் வைத்திருக்கிறேன். மாட்டலாமா, வேண்டாமா என்று நீ சொல்வதையே நானும் அவர்களிடம் சொல்வேன். வேண்டாமென்றால் உன் அலுமாரிக்குள் இருக்கட்டும்.

கரியை அழித்துத் தரவா என்று ஸ்டூடியோவில் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். மச்சானை நீ அப்படியே உள்ளே விடுவாய் என்று எனக்குத் தெரியும்.

வகுப்பில் உன் பக்கத்து வாங்குக்காரி